ஓடா, சீற்றா என்று சண்டை பிடிக்கும் எமது உறவுகளுக்கு

பதிவு நீளம்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மூன்று வாரமாகப் பனிச்சங்கேணியில் ஒரே கதைதான். புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு ஓடு போடுவதா, சீற் போடுவதா? கூட்டத்தில் கதிரை தூக்காத குறை. வட்ஸ்அப் குழுவிலிருந்து இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒருவரைக் கழற்றிவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களும், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கமிருந்து வேலைக்கு வரும் பாஸ்மாரும், தினமும் இதே பாலத்தால் படிப்பிக்க வந்து போகும் எங்களைப் போன்றவர்களும், ஆளுக்கொரு கட்சி. நாங்கள் சில ஆசிரியர்கள் இதுவரை வாய் திறக்கவில்லை. கட்டட விடயம் எமக்கெதற்கு என்று இருந்துவிட்டோம். அது பிழை. ஏன் பிழை என்பதற்கு, போன கச்சானில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூலை மாதத்து ஒரு பிற்பகல். வாவிக்கரையோரம் இருக்கும் எமது மாணவி ஒருத்தியின் வீட்டுக் கூரை போய்விட்டது. மினி சூறாவளி என்று யாரோ முகநூலில் போட்டார்கள். சூறாவளியும் இல்லை, மினியும் இல்லை. வருடாவருடம் வாவிக்கு மேலால் வரும் அதே கச்சான்தான், அன்று கொஞ்சம் கோபமாக வந்தது. தாய் கைக்குழந்தையோடு கிணற்றடியில் நின்றதால் உயிர் தப்பினார்கள். பிள்ளை தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த தாள்கள் வாவியில் மிதந்தன.

நாங்கள் நான்கு பேர் அன்று மாலையே போனோம். கூரை கண்டல் பற்றைக்குள் கிடந்தது. தூக்கி எடுக்கும்போதுதான் கவனித்தோம். சீற் றீப்பையை விடவில்லை. றீப்பை கைமரத்தை விடவில்லை. ஆணிகள் அடித்த இடத்திலேயே இருந்தன. பறந்தது சீற் அல்ல, முழுக் கூரை. பிறகு ஏணி வைத்துச் சுவர்த் தலையைப் பார்த்தோம். கைமரங்களைத் தாங்குவதற்காகச் சுவருக்கு மேல் படுக்கப் போடும் மரம், பாஸ்மார் வால் பிளேட் என்று சொல்வது, இருந்த இடத்தில் சாந்துத் தடம் மட்டும்தான். ஒரு போல்ற் இல்லை. ஒரு துண்டுக் கம்பி இல்லை. சட்டிக்கு மூடி வைத்த மாதிரி, அந்த வீட்டுக்குக் கூரையைச் சும்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் அதைக் கட்டிக் கொடுத்தவர் வந்து நின்று ஒரு தீர்ப்புச் சொன்னார்: “சீற் பாரமில்லாத சாமான் சேர். ஓடு போட்டிருந்தா பறந்திருக்காது.”

ஊர்ச்சண்டை தொடங்கியது இந்த ஒரு வசனத்திலிருந்துதான். தன் வேலையில் இருந்த ஓட்டையை அவர் சீற்றின் தலையில் கட்டிவிட்டுப் போனார். நாமும் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு ஓடினோம்.

முதலில் இந்தப் பாரக் கதையைப் பார்ப்போம். பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் சின்னப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கடதாசித் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்து அதன் மேற்பக்கமாக ஊதினால், கடதாசி கீழே போகாது, மேலே எழும்பும். கூரைக்கும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. காற்று கூரையைத் தள்ளி விழுத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இன்னும் கடுமை. ஒரு யன்னலோ கதவோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளும். காற்றடிக்கும்போது யன்னலைத் திறந்துவிட்டால் காற்றுப் போய்விடும் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் அந்த ஆலோசனையை எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துங்கள்.

இன்னொன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சுழி வந்தால், ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 17 கிலோ பாரம் தூக்கும் அழுத்தம் அதில் இருக்கும். எமது கச்சானுக்கு 60 ஒரு பெரிய காரியமில்லை. இப்போது கூரைகளின் பாரத்தை எடுங்கள். அமானோ என்று நாம் பொதுவாகச் சொல்லும் அலுமினியம் பூசிய தகரம், சதுர மீற்றருக்கு 4 கிலோ அளவில்தான். அஸ்பெஸ்டஸ் 15 கிலோவுக்கு உட்பட்டது. தட்டை ஓடு 40 கிலோ அளவில் வரும். ஆக, சாதாரணக் கச்சானில் ஓடு இருந்துவிடும், கட்டாத தகரம் போய்விடும். கட்டிக் கொடுத்தவரின் வசனத்தில் உள்ள உண்மை இவ்வளவுதான். இது கச்சானோடு முடிந்துவிடும் உண்மை.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை இங்கே அறுபது வயது தாண்டிய எவரிடமும் கேளுங்கள். 900க்கும் அதிகமான உயிர்கள். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வீடுகளுக்குச் சேதம். மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த 28,000 ஏக்கர் அளவிலான தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமாயின. அன்றிரவு ஓட்டு வீடுகள் எல்லாம் பாரத்தால் தப்பிப் பிழைத்தன என்று எந்த மூத்தவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி இருட்டில் கல்லெறி மாதிரி வந்ததையும், சுவர் மூலையில் பாய்க்குக் கீழே கிடந்ததையும்தான் சொல்கிறார்கள்.

அந்தச் சூறாவளிக்குப் பிறகு அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. இதைப் பலர் அறியமாட்டார்கள். 1980இல் அப்போதைய உள்ளூராட்சி, வீடமைப்பு, நிர்மாணத்துறை அமைச்சு, பலத்த காற்றுக்குக் கட்டடங்களை எப்படி வடிவமைப்பது என்று ஒரு கைந்நூல் வெளியிட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரையோரமாகிய நாம் முதலாம் வலயம். கொழும்பு மூன்றாம் வலயம். சாதாரண வீடு ஒன்றுக்குக் கணக்கில் எடுக்க வேண்டிய காற்றின் வேகம் முதலாம் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர், மூன்றாம் வலயத்தில் 33 மீற்றர். 33க்கும் 49க்கும் பெரிய தூரமில்லை என்று தோன்றும். விசையாக மாற்றிப் பாருங்கள். அங்கே சதுர மீற்றருக்கு 68 கிலோ, இங்கே 150 கிலோ. இரண்டு மடங்குக்கும் அதிகம். அனர்த்தத்தின்போது மக்கள் தஞ்சம் புகும் கட்டடங்களுக்கு அந்தக் கைந்நூல் இதைவிடவும் கூடிய வேகத்தைச் சொல்கிறது. எமது ஊர்களில் அப்படித் தஞ்சம் புகும் இடம் எது? பாடசாலை. உங்கள் பிள்ளைகளின் வகுப்பறை. அதனால்தான் ஆசிரியர்களுக்கும் இந்த விடயத்தில் வாய் இருக்கிறது.

150 கிலோ என்ற கணக்கை ஒரு தகரத்துக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி நீளம், இரண்டரை அடி அகலமான ஒரு தகரத்தின் பரப்பு 2.3 சதுர மீற்றர் வரும். அதன் பாரம் பத்துக் கிலோ. அதைத் தூக்க வரும் விசை 345 கிலோ. ஏழு மூடை சீமெந்து. ஒரே ஒரு தகரத்துக்கு! அதே பரப்பில் ஓடு போட்டால் அதன் பாரம் 90 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ஏழு மூடைக்கு எதிரே இரண்டு மூடையைக்கூட எட்டவில்லை. ஓடும் போகும். பாரத்தை மட்டும் நம்பி அந்தக் காற்றில் நிற்கக் கூடிய கூரை ஒன்றே ஒன்றுதான், கொங்கிறீற்றுச் சிலாப். ஐந்து அங்குலச் சிலாப் சதுர மீற்றருக்கு 300 கிலோ வரும். மற்ற எல்லாக் கூரையும், ஓடோ சீற்றோ கிடுகோ, கட்டினால்தான் நிற்கும். கட்டாவிட்டால் போகும்.

எமது மூத்தம்மாமாருக்கு இது தெரிந்திருந்தது. கிடுகுக் கூரைக்கு மேல் பழைய வலையை விரித்து, நாலு மூலையிலும் கட்டை அறைந்து இழுத்துக் கட்டினார்கள். கிடுகுக்குப் பாரமேது? வலைதான் கூரையை நிலத்தோடு பிடித்தது. மீன்பிடிக் கிராமத்தில் பிறந்த நாம் தோணியைக் கட்டாமல் கரையில் விடுவோமா? மாட்டைக் கட்டாமல் வயலோரம் விடுவோமா? வீட்டுக் கூரையை மட்டும் ஏன் கட்டாமல் விடுகிறோம்?

சீற்றைத் திருகாணியால் றீப்பையில் இறுக்க வேண்டும். றீப்பை கைமரத்தைப் பிடிக்க வேண்டும். கைமரத்தை இரும்புப் பட்டி போட்டு வால் பிளேட்டில் பிடிக்க வேண்டும். வால் பிளேட்டைச் சுவர்த் தலையைச் சுற்றி ஓடும் கொங்கிறீற்று ரிங் பீமோடு பிடிக்க வேண்டும். அதற்கான போல்ற்றை பீம் வார்க்கும்போதே நாலடிக்கு ஒன்றாகப் புதைத்துவிட வேண்டும். பிறகு துளைத்துச் செருகும் போல்ற்றுக்கு அந்தப் பலம் இருக்காது. ரிங் பீமின் கம்பி தூண் கம்பியோடும், தூண் அத்திவாரத்தோடும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு சங்கிலி இது. அந்த மாணவியின் வீட்டில் சங்கிலியின் மேல் வளையங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஒரே ஒரு வளையம்தான் இல்லை. அவ்வளவுக்கே முழுக் கூரையும் கண்டலுக்குள் போனது.

போல்ற்றும் பட்டியும் வாங்க எங்கே காசு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்கிற இடம் சரியில்லை. எமது கரையில் வீடு யாருக்காகக் கட்டப்படுகிறது? மகளுக்காக. தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளையின் பெயரில்தான். வாப்பா கட்டாரில், உம்மா சவூதியில், அப்பா கடலில், அம்மா கூலி வயலில், எல்லாரும் சேர்ந்து எழுப்புவது அந்த ஒரு வீட்டை. மாப்பிள்ளை பகுதியார் பார்க்க வருகிறார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? முன்பக்கத்துப் போர்டிகோ. அலங்காரத் தூண். தரையில் டைல்ஸ். கூரையில் ஓடு இருந்தால் கொஞ்சம் கூட மதிப்பு, சீற் என்றால் முகம் சுளிப்பு. ஏணி கேட்டு வால் பிளேட்டில் போல்ற் இருக்கிறதா என்று பார்த்த மாப்பிள்ளை பகுதியாரை நாம் இன்னும் காணவில்லை. பாவம், அந்தப் பிள்ளையும் மருமகனும்தான் அதற்குக் கீழே முப்பது வருடம் படுக்கப் போகிறவர்கள்.

ஆகவே காசு இருக்கிறது. முன்பக்கத்தில் இருக்கிறது. போர்டிகோ டைல்ஸுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியே ஒரு வீட்டின் போல்ற், வாஷர், பட்டி, திருகாணி எல்லாவற்றுக்கும் போதும். அந்தப் போர்டிகோ கூரையே ஒரு பொறி என்பது வேறு கதை. வீட்டுக் கூரையை அப்படியே முன்னால் நீட்டி, கீழே சுவரில்லாமல் இரண்டு தூணில் நிறுத்துகிறோம். காற்று அடியில் புகுந்து முதலில் கிளப்புவது அதைத்தான். அது கிளம்பும்போது பின்னால் உள்ள வீட்டுக் கூரையையும் இழுத்துக்கொண்டு போகும். விறாந்தைக் கூரை வேண்டுமென்றால் தனியாகப் போடுங்கள், கொஞ்சம் தாழ்த்திப் போடுங்கள். போனால் அது மட்டும் போகட்டும். மற்றப் பக்கங்களிலும் தாழ்வாரத்தைச் சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள்.

கூரையின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கம் சரிந்து முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைவிடக் காற்றுக்கு நல்லது. வேலை கொஞ்சம் கூட, மரம் கொஞ்சம் கூட. பனிச்சங்கேணிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாடையும் வெளியால் வருகிறது, கச்சானும் வெளியால் வருகிறது, இடையில் மறிக்க ஒரு மேடுகூட இல்லை. எந்தப் பக்கத்தால் வந்தாலும் சரிவில் ஏறி வழிந்து போகட்டும். கூரையை மிகத் தட்டையாகவும் போடாதீர்கள். தட்டைக் கூரையில் உறிஞ்சல் அதிகம்.

இப்போது சண்டைக்கு வருவோம். ஓடா, சீற்றா? நாங்கள் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை, ஒரு பக்கம் நிற்கிறோம். திட்டத்தில் தரும் பணத்துக்குள், கட்டாத ஓட்டைவிடக் கட்டிய சீற் மேல். ஓட்டை ஒழுங்காகக் கட்டுவதென்றால் ஓரத்திலும் முகட்டிலும் உள்ள ஒவ்வோர் ஓட்டையும், நடுவில் ஒன்றுவிட்ட ஓட்டையும், துருப்பிடிக்காத கம்பியால் றீப்பையோடு கட்ட வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் ஓட்டு வரிசைக்கு மேலே சாந்துப் பட்டி போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள், அதுவும் இதற்காகத்தான். அப்படிக் கட்டுவதற்குப் பணமும் பாஸும் இருப்பவர் தாராளமாக ஓடு போடட்டும். ஓட்டு வீடு குளிர்ச்சி, மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே பிள்ளை படிக்க முடியாது என்பதும் உண்மை, சீலிங் இல்லாத தகர வகுப்பறையில் படிப்பிக்கும் எங்களுக்கு அதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் சீற் போடுபவர் சீலிங்குக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். முன்பக்கத் தூணின் பூவேலை அடுத்த வருடம் வரட்டும்.

சீற்றிலும் கவனம் வேண்டும். மெல்லிய தகரம் ஆணியைச் சுற்றிக் கிழிந்து போகும். ஆணி நிற்கும், தகரம் பறக்கும். 0.47 மில்லிமீற்றர் தடிப்புக்குக் குறைய வாங்காதீர்கள். ஹாட்வெயாரில் கேட்டு, அளந்து பார்த்து வாங்குங்கள். ஆணி அடிக்காமல் ரப்பர் வாஷரோடு திருகாணி போடுங்கள். ஓரங்களிலும் முகட்டிலும் ஒன்றுவிட்ட மேட்டில் ஒன்று, மற்ற இடங்களில் கொஞ்சம் தள்ளலாம். பள்ளத்தில் திருகினால் மழை ஒழுகும், மேட்டிலேயே திருகுங்கள். றீப்பைகளுக்கிடையே மூன்றடிக்கு மேல் விடாதீர்கள். உப்புக்காற்று எமது ஊரில் இரும்பைத் தின்னும், ஆகவே போல்ற்றும் பட்டியும் நாகம் பூசியதாக இருக்கட்டும். நாலு வருடத்துக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

அஸ்பெஸ்டஸ் பற்றிக் கேட்கிறீர்கள். வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் புற்றுநோயை உண்டாக்குபவை என்ற முதலாம் பட்டியலில் வைத்திருக்கிறது. எமது நாடும் 2018 முதல் இறக்குமதியைக் குறைத்து, 2024ஓடு நிறுத்தத் திட்டம் போட்டது. என்ன நடந்தது தெரியுமா? 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன தேயிலையில் ஒரு வண்டைக் கண்டார்களாம். ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை எமக்கு விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். இலங்கை அஸ்பெஸ்டஸ் தடையை ஒத்திவைத்தது, தேயிலை மீண்டும் போனது. ஒரு வண்டுக்காக எமது பிள்ளைகளின் சுவாசப்பையை மாற்றிக் கொடுத்தார்கள். சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகளில் அஸ்பெஸ்டஸ் ஏற்கனவே இருக்கிறதே என்பவர்களுக்கு: உடைக்காமல், அறுக்காமல், துளைக்காமல் விட்டால் ஆபத்துக் குறைவு. காற்றில் உடைந்தால் துண்டுகளை நனைத்து, மூடிக் கட்டி எடுங்கள். ஒழுங்கைக் குழியை நிரப்பப் போடாதீர்கள். வாவிக்குள்ளும் போடாதீர்கள்.

எமது கோபம் பாஸ்மார் மேல் மட்டுமல்ல. வீட்டுத் திட்டப் பணம் கட்டம் கட்டமாக வருகிறது. அத்திவாரம் முடிந்தால் ஒரு கட்டம், சுவர் முடிந்தால் ஒரு கட்டம், கூரை முடிந்தால் ஒரு கட்டம். கூரைக் கட்டத்துக்கு வந்து பார்ப்பவர் கீழே நின்று நிமிர்ந்து பார்க்கிறார். கூரை போட்டாச்சா? போட்டாச்சு. ஒரு படம், ஒரு கையொப்பம். போல்ற் இருக்கிறதா என்று ஏறிப் பார்க்க அந்தப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லையே. பாஸ் யாருக்காக போல்ற் போட வேண்டும்? யாரும் கேட்காத கேள்விக்கு எந்தப் பிள்ளையும் விடை எழுதாது.

2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தபோது நாடே விவாதித்தது. வெயிலுக்குச் சரிவருமா, அத்திவாரம் காணுமா, எத்தனை வருடம் நிற்கும், அந்தப் பணத்துக்குக் கல்வீடே கட்டலாமே என்று ஒவ்வொன்றையும் கேட்டார்கள். கேட்டதால்தான் அது அப்படியே எமது தலையில் இறங்கவில்லை. அன்று கேட்கத் தெரிந்த எமக்கு, சொந்தக் கூரையின் போல்ற்றைக் கேட்க ஏன் வாய் வருவதில்லை?

“78 மாதிரித் திரும்ப வராது” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 2000 டிசம்பரில் திருகோணமலைக் கரைக்கு ஒன்று வந்தது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. 2025 நவம்பரில் டித்வா வந்து வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாட்டையே அழ வைத்தது, காற்று மட்டும் 78இன் கிட்டக்கூட வரவில்லை. அதனால் பலருக்குத் தைரியம் வந்திருக்கிறது, பார்த்தீர்களா எமது கூரை நின்றது என்று. 78இன் காற்று எப்படிப்பட்டதென்று எமது இன்றைய கூரைகளில் அநேகமானவை அறியா. பரீட்சைக்கே உட்காராதவன் சித்தியடைந்துவிட்டேன் என்று சொல்வது போலிருக்கிறது இந்தத் தைரியம்.

இன்னொருவர், எமது பக்கத்து ஆள்தான், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று முடித்துவிட்டார். நாட்டம்தான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி எமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வால் பிளேட்டை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் பேசுவது சோம்பலுக்குத் தொப்பி போட்டுவிடும் வேலை. அவர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறோம். கோபித்தாலும் வெள்ளிக்கிழமை சலாம் சொல்லுவோம்.

ஏற்கனவே கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள் கலங்க வேண்டாம். வால் பிளேட்டுக்கு மேலால் இரும்புப் பட்டியைப் போட்டு, சுவரின் இரு பக்கமும் இறக்கி ரிங் பீமில் போல்ற் போட்டுப் பிடிக்கலாம். ரிங் பீம் இல்லாத வீடானால் பட்டியை லிண்டல் வரை இறக்க வேண்டும். பாஸுக்கு ஓரிரண்டு நாள் வேலை. புதிதாகக் கட்டுபவர்களுக்கு, இயலுமானால் ஒரேயொரு சின்ன அறைக்கு, குளியலறைக்கானாலும் சரி, சிலாப் போடுங்கள். கடல் மணலில் வார்க்காதீர்கள், உப்பு உள்ளே இருந்தே கம்பியைத் தின்றுவிடும். 78இல் பாய்க்குக் கீழே கிடந்தவர்களுக்கு அப்படி ஓர் அறை இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். முழு வீட்டுக்கும் சிலாப் போட எமக்கு இயலாது. ஒரு குடும்பம் ஓரிரவு குந்தியிருக்க ஆறடிக்கு ஆறடி போதும்.

கமிட்டியில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. ஓடு என்றோ சீற் என்றோ கையொப்பம் வைப்பதற்கு முன், கூரைக் கட்டக் கொடுப்பனவுக்கு ஒரு நிபந்தனை போடுங்கள். சுவர்த் தலை போல்ற்றைக் கூரை மூட முன் படம் எடுக்க வேண்டும். வீட்டுக்காரியின் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்காரனின் கையொப்பம் அல்ல, வீட்டுக்காரியின். வீடு அவருடையது. இரண்டும் இல்லாமல் கடைசிக் காசு போகக் கூடாது. இதைக் கேட்டால் பணம் தருபவர்கள் கோபிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

வாடை தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு நாங்கள் ஆசிரியர்கள் ஐந்து பேர் ஏணியோடு பாலத்தடிக்கு வருகிறோம். வாவிக்கரை வீடுகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்போம். பார்க்க வேண்டாம் என்பவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மாணவியின் வீட்டுக்கு இந்தத் தடவை போல்ற் போடுவது நாங்கள்தான், சாமான் வாங்கியாயிற்று. பாஸ்மாரும் வாருங்கள், சண்டை பிடிக்க என்றாலும் வாருங்கள். வரும்போது 17ஆம் இலக்கச் ஸ்பானர் இருந்தால் கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பது ஒன்றுதான்.